கரட்டுப்பாளையத்துக்கு வந்த கடல்

கடல் எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்தபோது மாரியம்மன் கோயில் வீதியில் பால் சொசைட்டிக்காரர் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், விசைத்தறிகள் வீட்டுக்கு வீடு தடதடத்துக்கொண்டிருந்தன, நாச்சிமுத்துவின் டீக்கடையில் இரண்டாவது பால் பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில்கூடச் சரியாக நனையாத நரிப்பள்ளத்திலிருந்து நுரை கட்டிய தண்ணீர் ஏறி, வீதிக்குள் நுழைந்து, திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றை உருட்டிக்கொண்டே கோயில் படிவரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். நாச்சிமுத்து குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புங்க," என்றார்.

கரட்டுப்பாளையத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்தான் கடலைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்களும் எங்களில் கொஞ்சம் பேர்தான். ராமேஸ்வரம் போனவர்கள் பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரைத் தவிர வேறு கடல் இந்த ஊருக்குள் வந்ததில்லை. பள்ளத்தோடு நடந்து போய்ப் பார்த்தவர்கள், சுண்ணாம்புக்கல் குழிவரைக்கும் ஈரம் இருக்கிறது, அதற்கப்பால் காய்ந்த மண்தான் என்று வந்து சொன்னார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடியும் தண்ணீர் வந்தது. மறுநாளும் இரண்டு தடவை வந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்தார்கள், குப்பிகளில் பிடித்துக்கொண்டு போனார்கள், கடல்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு அது நாச்சிமுத்து சொன்னபோதே தெரியும்.

அந்த வீதியில் ஒரே ஒருத்திக்குத்தான் தண்ணீர் வருவதற்கு முன்பே தெரிந்தது. அவள் பெயர் தையல்நாயகி. தறிக்குடோனில் துண்டுகளுக்கு ஓரம் தைக்கிற வேலை அவளுக்கு; பெயருக்கேற்ற வேலை என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு. அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கையை எடுத்து, மூக்கை நிமிர்த்தி ஒரு முறை மூச்சை இழுத்தாள். பிறகு தைத்த துண்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், கதவிடுக்கில் ஈரச் சாக்கைச் செருகினாள். கல்லூரி பஸ்ஸுக்குப் போன இடத்திலிருந்து திரும்பி ஓடிவந்த மகள் இளவேனி கணுக்காலளவு தண்ணீரில் நின்று கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

தையல்நாயகியின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் நாகப்பட்டினத்துப் பக்கம் கீழமணல்மேடு என்கிற மீனவர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு, கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த தாய்வீட்டுக்குப் போனவள், கைக்குழந்தையோடு அங்கே இருந்தபோது, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்து, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் கோவிந்தராசுவையும் மாமியாரையும் வீட்டையும் எடுத்துப்போய்விட்டது. அவள் ஊருக்கு ஓடி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. அதன்பிறகு ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, "கடல் இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்க," என்று கேட்டாளாம். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். இரண்டு மூன்று பஸ் மாறி, போதும் இவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் இறங்கினாள். அதுதான் கரட்டுப்பாளையம். அவள் இங்கே வந்து இருபது வருஷம் ஆகப்போகிறபோதுதான் கடலும் வந்தது. அவளைத் தேடித்தான் வந்திருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடலோடு வாழப் பழகுவது நாங்கள் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. தறி மோட்டார்களைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றினோம். பஸ் மேட்டிலேயே நின்று ஆட்களை இறக்கியது. கோயில் வேப்பமரம் முதலில் இலையெல்லாம் உதிர்த்துக் கோபித்துக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, கொஞ்சம் தடித்த இலையாகத் துளிர்த்தது. பிள்ளைகள் ஒரே மாதத்தில் நீச்சல் பழகினார்கள், ஆடுகள் கரையிலேயே நிற்கப் பழகின, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகக் காசில்லாதவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து எங்கள் கோயில் படியில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். தறிச் சத்தத்தில் பாதிக் காது போயிருந்த ஆட்களுக்குக்கூட, தறி நின்ற நேரத்தில் தண்ணீர் வீதிக்குள் புரண்டு வருகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது.

நேரம்தான் பிடிபடவில்லை. இன்றைக்குப் பால் ஊற்றுகிற நேரத்துக்கு வந்தது என்று நாளைக்கு அதே நேரத்துக்குக் காத்திருந்தால் வராது. வராது என்று பாயை விரித்துத் துண்டு காயப்போட்டால் அப்போது வந்து நனைத்துவிட்டுப் போகும். சில நாள் கோயில் படியோடு நின்றது. சில நாள் படியேறி அம்மன் காலைத் தொட்டது. சில நாள் வீதிமுனையை மட்டும் ஈரமாக்கிவிட்டு, வந்ததே போதும் என்பதுபோல் திரும்பியது. ஒருநாள் நாச்சிமுத்துவின் பெஞ்சு, அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரோடு மிதந்து பால் சொசைட்டிவரை போனது.

அன்றைக்குத்தான் தையல்நாயகியின் சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கி அமாவாசை. ராத்திரியும் வெள்ளம் இதே மாதிரி ஏறும். ஆட்ட மேட்டுல புடிச்சிக் கட்டுங்க. தறிக்குக் கரண்ட்ட நிறுத்துங்க."

"எப்பிடிங்கக்கா தெரியும்?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூட ஏறும். அஷ்டமிக்குக் கொறையும். நாளுக்கு நாள் பிந்தி வரும். நிலா பிந்தி வர்றமாதிரி இதுவும் பிந்தி வரும்," என்றது ஜன்னல். பிறகு, "எங்கிட்ட இதுக்கு மேல கேக்காதீங்க," என்றும் சொன்னது.

அதற்குமேல் கேட்டது பள்ளிக்கூடத்து கோகிலவாணி டீச்சரிடம். டீச்சர் அறிவியல் எடுக்கிறவர். விளையாட்டு மைதானத்துக்கு ஊரையே வரச் சொன்னார். ஒரு மாணவியை நடுவில் நிறுத்தி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொன்னார். இன்னொருத்தியிடம் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்து அவளைச் சுற்றி இன்னும் மெல்ல நடக்கச் சொன்னார்.

"சுத்தறவ பூமி, தட்டு நிலா. பூமி ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள நிலா பாருங்க, நாலடி தள்ளிப் போய் நிக்குது. அதைத் திரும்ப நேருக்கு நேர் பாக்கோணும்னா பூமி இன்னுங் கொஞ்சம் சுத்தோணும். அதனாலதானுங்க தெனமும் பிந்துது."

"ரெண்டு தடவை எதுக்குங்க வருது?"

"நிலா இருக்கற பக்கமும் கடல் கொஞ்சம் எழும்பி நிக்கும், அதுக்கு நேர் எதுத்த பக்கமும் எழும்பி நிக்கும். நாம ஒரு சுத்து சுத்தறப்ப ரெண்டையுமே கடந்து போறோம். நல்லா யோசிச்சா, கடல் நம்மகிட்ட வர்றதில்லீங்க. நாமதான் ஊரோட சுத்திப் போய் அதுக்குள்ள நொழையறோம். சூரியனும் நிலாவும் ஒரே நேர்ல நின்னு இழுக்கறப்ப, தையல்நாயகியக்கா சொன்னாங்களே, அமாவாசை பௌர்ணமி, அன்னிக்கு ஜாஸ்தி."

ஊரோடு சுற்றிப் போய் நுழைகிறோம் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதுவரைக்கும் கரட்டுப்பாளையம் எங்கேயும் போகாத ஊர் என்றுதான் நினைத்திருந்தோம். அன்றிலிருந்து நாங்கள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தோம். பட்டப்பகலில் நிலா இருக்கும் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது சோடா உடைக்கிறவரும் மேற்கே வெளிறிப்போய்த் தொங்குகிற அரை நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் கடையை எடுத்துவைத்தார். தறி ஷிப்டு நிலாவோடு நகர்ந்தது, பள்ளிக்கூட மணி நிலாவோடு நகர்ந்தது, கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தவர்கள் தையல்நாயகியின் ஜன்னலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பத்திரிகை அடித்தார்கள். "நாளைக்கு வத்துன பொறவு வாங்க, பேசிக்கலாம்," என்று சொல்கிறவர்களாக நாங்கள் ஆகிப்போனோம்.

தையல்நாயகி வீட்டைக் காலிசெய்யவில்லை. எங்கே போனாலும் இது வரும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் ஏறுகிற நேரங்களில் வெளியே வரமாட்டாள். இளவேனி தண்ணீரில் கால் வைத்தால் வீட்டில் சோறு கிடையாது. ஒருநாள் வீதி வற்றிக் கிடந்தபோது தையல்நாயகி டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னிக்கும் பௌர்ணமி. மொத நாள் ராத்திரி நான் எங்கம்மா வீட்டு வாசல்ல புள்ளைக்கி நிலாவக் காட்டிக்கிட்டு நின்னேன். அவ்வளவு பெருசா, அவ்வளவு வெளிச்சமா இருந்துச்சு. அதுதான் தண்ணிய இழுத்துவிட்டுச்சா?"

டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்தார்.

"இல்லீங்கக்கா. அன்னிக்குப் பௌர்ணமிதான், வாஸ்தவம். ஆனா அது நிலா இழுத்து வந்த தண்ணியில்ல. கடலுக்கு அடியில பாறை பெயர்ந்துச்சு, அது தள்ளுன தண்ணி. நிலா இழுக்கறது இதோ, இந்த வீதியில தெனமும் வந்துட்டுப் போகுதே, இதுதான். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போயிரும்."

"இருவது வருசமா நான் அத நிமிந்து பாக்கல டீச்சர்," என்றாள் தையல்நாயகி. "பாவம் அது." டீச்சர் வீட்டில் அன்றைக்கு அவள் அழுத அழுகை பக்கத்துத் தறியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒருவர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். வீதி முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

சாமான்கள் வர ஆரம்பித்தது அதற்கடுத்த பௌர்ணமியில். தண்ணீர் வற்றியபோது கோயில் படியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கிடந்தது. கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் புதுசு போலப் பளபளத்தது. மூடியில் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: மு. வள்ளியம்மை, கீழமணல்மேடு. ஊரான் வீட்டுப் பாத்திரம், கேட்டு வந்தால் கொடுக்கவேண்டும் என்று நாச்சிமுத்து அதைத் தேய்த்துத் துடைத்துக் கடை அலமாரியில் வைத்தார். மறுநாள் ஒரு குத்துவிளக்கு வந்தது. பிறகு ஒரு சொம்பு, காதணி விழாவுக்குத் தாய்மாமன் கொடுத்த தாம்பாளம், புட்டுக்குழல், ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒற்றையாக, கண்ணாடி உடையாத ஒரு சுவர்க்கடிகாரம். நிலா பெரிசானால் நிறைய வந்தது, தேய்ந்தால் ஒன்றோ இரண்டோ வந்தது. டீக்கடை அலமாரி நிரம்பி, கோயில் மண்டபம் நிரம்பி, தறிக்குடோனில் நூல் மூட்டைகளுக்கு நடுவே அடுக்கினோம். ஒரு ஸ்பூனைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

தூக்குவாளியில் இருந்த ஊர்ப் பேரை இளவேனிதான் முதலில் கவனித்துப் படித்தாள்; எங்களுக்கு அது மறந்துபோயிருந்தது. அப்பாவின் ஊர்ப் பெயர் அவளுக்குத் தன் சாதிச் சான்றிதழில் மட்டுமே பழக்கம். தூக்கை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் வைத்தாள். தையல்நாயகி வெகுநேரம் அதைத் தொடவில்லை.

"வள்ளியம்மையக்காவோட தூக்கு," என்றாள் கடைசியில். "மீன் வித்துட்டு வர்றப்ப இதுலதான் மோர் வாங்கியாரும்."

"அவங்க இருக்காங்களாம்மா?"

"அன்னிக்கி பொழைச்சிச்சு. இப்ப தெரியாது."

அன்று மாலை அவள் டீக்கடைக்கு வந்தாள், குடோனுக்கும் வந்தாள். ஒவ்வொரு பாத்திரமாகக் கையிலெடுத்து, இது இன்னார் வீட்டுது, இது கோயிலுக்கு மேலண்டை வீடு, இந்தத் தாம்பாளம் வைத்துக் காது குத்தின பெண் இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். எல்லாவற்றையும் பார்த்து முடித்தவள் வெறுங்கையோடு நின்றாள். அவள் வீட்டுச் சாமான் ஒன்றுகூட அதில் இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, மார்கழியில் அந்த நாளில், அம்மாவின் செல்போனுக்கு ஒரு அழைப்பு வரும் என்பது இளவேனிக்குத் தெரியும். அம்மா எடுக்கமாட்டாள், அந்த எண்ணை அழிக்கவும் மாட்டாள். அது கோவிந்தராசுவின் தங்கை செங்கமலத்தின் எண்; அண்ணியின் நம்பரை அவள் தாய்வீட்டில் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் மறுபடி கடலில் இறங்கிய அன்றே மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போன முதல் பெண் செங்கமலம். "அண்ணனத் தின்ன கடல்ல மீன எடுத்து விக்கிறியே, ஒனக்குக் கை கூசல?" என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல்தான் தையல்நாயகி பஸ் ஏறியிருந்தாள். இப்போது அந்த எண்ணை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைக்கப் பயந்து மகளிடம் நீட்டினாள். இளவேனி வாங்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அண்ணி?" என்றது குரல். "அண்ணிதானே?"

"செங்கமலம், நம்மூரு சாமானெல்லாம் இங்க வந்துருக்கு," என்றாள் தையல்நாயகி. "வந்து எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு. அஷ்டமியன்னிக்கி வாங்க. அன்னிக்கித் தண்ணி கொறச்சலா இருக்கும், வண்டி கோயில்வரைக்கும் வரும்."

எப்படி வந்தது, அவ்வளவு தூரத்துக்கு யார் கொண்டுவந்தார்கள் என்று செங்கமலம் கேட்கவில்லை. "வர்றோம் அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

அஷ்டமியன்று காலையில் இரண்டு வேன் நிறைய வந்தார்கள். எங்கள் வீதியில் வற்றிக்கொண்டிருந்த கடலைப் பார்த்ததும் வேனிலிருந்து இறங்கிய ஆண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அது அவர்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். நாங்கள் விடியுமுன்பே அரிசிமாவில் சந்தகை பிழிந்து வைத்திருந்தோம், பச்சைப்பயறு கடைந்து வைத்திருந்தோம், குடோனில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். முதலில் சாப்பிடுங்கள் என்றால் யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருவரும் போய்த் தங்கள் பேரைத் தேடினார்கள். வள்ளியம்மை உயிரோடு இருந்தார். தூக்குவாளியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு, எதையோ சிந்திவிடாமல் காப்பாற்றுகிறவர் மாதிரி சட்டென்று மூடிக்கொண்டார். வெள்ளிக் கொலுசை ஒரு தகப்பன் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். சாப்பிடும்போதும் அந்தக் கையைத் திறக்கவில்லை, இடது கையாலேயே சாப்பிட்டார். எங்களில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தையல்நாயகி தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். செங்கமலம் அவளிடம் போனபோது நாங்கள் தள்ளி நின்றோம். ஆனாலும் பேசினது கேட்டது.

"எல்லாத்தையும் ரெண்டு தடவ பாத்துட்டேன் அண்ணி. நம்ம வீட்டுது ஒண்ணுமில்ல."

"ஒரு கரண்டிகூட வரல, செங்கமலம். ஊரு சாமான் பூரா வந்துட்டுது. எனக்கு மட்டும் ஒண்ணும் வரல."

"எனக்கும்தான் வரல."

தையல்நாயகி, "அன்னிக்கி நான் ஒன்னயக் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"கூசுச்சு அண்ணி," என்றாள் செங்கமலம். "நீ கேட்டியே, கை கூசலயான்னு. கூசத்தான் செஞ்சிச்சு. ஒவ்வொரு மீனுக்கும் கூசுச்சு. ஆனா வீட்டுல மூணு புள்ளைவொ பசியோட ஒக்காந்துருந்துச்சு, அடுப்புல வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. எடுத்ததும் அதுதான், அன்னிக்கி ஏதோ குடுத்ததும் அதுதான். வேற யாருகிட்ட போயி நான் கையேந்துவேன்? வாங்கிக்கிட்டேன். கும்புட்டுட்டு வாங்கிக்கிட்டேன்."

தையல்நாயகி அவள் கை இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். செதிலும் உப்பும் கத்தியும் கிழித்துக் கிழித்துத் தழும்பேறின கைகள். அவற்றை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இருவது வருசம் போன் பண்ணுனியே," என்று மட்டும்தான் சொன்னாள். பிறகு இரண்டு பேருமாகக் கோயில் படிக்கு இறங்கினார்கள். தண்ணீர் வற்றி வீதிமுனைக்குப் போயிருந்தது. அங்கே போய், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கணுக்கால் மட்டும் நனையும்படி நின்றார்கள். இளவேனி ஓடிப்போய் நடுவில் நுழைந்துகொண்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

வேன் கிளம்பும்போது கடற்கரைக்காரர்கள் எங்களுக்குச் சாக்கு நிறையக் கருவாடு இறக்கினார்கள். நாங்கள் ஆளுக்கொரு துண்டு போர்த்தினோம். வள்ளியம்மை கோயில் படியில் நின்றுகொண்டு, "ஒங்களுக்கு நாங்க என்னத்த செய்யப்போறோம்?" என்று கேட்டார். நாச்சிமுத்து, "நாங்க ஒண்ணும் பண்ணலீங்க, அலமாரியில வெச்சிருந்தோம், அவ்வளவுதானுங்க," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய், தேவையே இல்லாமல் பாய்லரைத் துடைத்தார்.

செங்கமலம் போகும்போது அண்ணியையும் மருமகளையும் ஊருக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். வீட்டு மனையில் ஒரு பூவரசு முளைத்து நிற்கிறது, வந்து பார் என்றாள். தையல்நாயகி சரி என்றாள். நாங்கள்தான் நரிப்பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தோம். கடல் அவளைத் தேடி வந்தது என்று இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தவர்கள் நாங்கள். அவள் போனால் அதுவும் பின்னாலேயே போய்விடாதா? பிள்ளைகள் நீந்துகிற வீதி வெறும் வீதியாகிவிடும், நாங்கள் அண்ணாந்து பார்ப்பதை மறந்துவிடுவோம், ஊர் பழையபடி எங்கேயும் போகாத ஊராகிவிடும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு டீக்கடை முன்னால் வந்து நின்றவள், போகட்டுமா என்று கேட்பதுபோல் எங்களைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வாங்கக்கா. அது வந்தா வருது, வராட்டிப் போகுது. வந்த வரைக்கும் எங்களுக்குச் சந்தோசந்தானுங்க. நீங்க பதனமாப் போயிட்டு வாங்க." எங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினோம். சில பேர் மனசார ஆட்டினோம், சில பேர் மற்றவர்கள் ஆட்டினதைப் பார்த்து ஆட்டினோம்.

தாயும் மகளும் ஊர்போய்ச் சேர்ந்த அன்றைக்குப் பகலில் வீதி வற்றிக் கிடந்தது. வரவேண்டிய நேரம் நெருங்க நெருங்கத் தறிகள் தானாக நின்றன. ஒவ்வொருவராக வந்து கோயில் படியிலும் டீக்கடைத் திட்டிலும் உட்கார்ந்து நரிப்பள்ளத்தையே பார்த்தோம். பள்ளத்தில் ஒரு காக்கை நடந்தது. "இன்னும் நேரமாகலீங்க," என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னார். பிறகு எழுந்து வானத்தில் நிலாவைத் தேடினார். யாரோ, கருவாடு இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்றார்கள்.

அப்போது நாச்சிமுத்துவின் போன் அடித்தது. அவர் அவசரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். முதலில் வெறும் இரைச்சல் வந்தது; அது கடல் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். பிறகு தையல்நாயகியின் குரல்.

"நாச்சிமுத்து, நான் கரையிலதான் நிக்கிறேன். இவ்வளவு நேரம் ஏறி நின்னிச்சு. இப்ப வத்த ஆரம்பிச்சிட்டுது. காலுக்கடியிலேர்ந்து மணல இழுத்துக்கிட்டுப் போவுது. இங்கேர்ந்து கெளம்பிட்டுது நாச்சிமுத்து. அங்க வருதான்னு பாரு."

நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். பள்ளத்தில் நடந்துகொண்டிருந்த காக்கை ஒரு காலைத் தூக்கியது, அடுத்த காலைத் தூக்கியது, பிறகு பறந்தது. அது நின்ற இடத்தில் மண் கறுத்தது. கறுப்பு மெல்லப் பளபளத்து, ஓரத்தில் நுரை கட்டி, ஒரு வேப்பிலையை முன்னால் தள்ளிக்கொண்டு வீதிமுனையைத் தாண்டியது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டக்கூடத் தோன்றாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போனைக் குனிந்து பிடித்தார்.

"வந்துருச்சுங்கக்கா! கேக்குதுங்களா? வந்துருச்சு!"

அந்தப் பக்கத்திலிருந்து முதலில் இளவேனியும் செங்கமலத்தின் பேரப்பிள்ளைகளும் அலையில் விழுந்து எழுந்து கத்துவது மட்டும் கேட்டது.

"கேக்குது, கேக்குது," என்றாள் தையல்நாயகி. "கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, பத்திரமாத் திருப்பி அனுப்புங்க."

"அனுப்பறோமுங்கக்கா," என்றோம் நாங்கள் எல்லோரும்.